ஒரே பந்தி கேட்ட ஓக்ஸ் ஐயர்

தியாகதுருகத்தில் யாருக்காவது உடம்பு முடியாமல் போய், கை வைத்தியமும் கள்ளக்குறிச்சி டாக்டரும் கேட்காமல் போனால், என் சின்ன வயதில் பெரியவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “கோயிலூரு டேனிஷ் மிஷனுக்குக் கொண்டு போயிடுங்க.” திருக்கோவிலூர் எங்கள் வாயில் கோயிலூர். டேனிஷ் மிஷன் எங்களுக்கு ஒரே சொல். அதற்குள் ஒரு நாடு இருப்பதைப் பள்ளிக்கூட அட்லஸைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

திருக்கோவிலூரில் மருத்துவமனை, திருவண்ணாமலையில் பள்ளி, கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு பழைய தென்னாற்காட்டு ஊர்களில் பரவிக் கிடக்கும் ஆற்காடு லுத்தரன் சபை. ‘ஏ.எல்.சி. கோயில்’ என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இவற்றின் ஆணிவேரைத் தேடிப் போனால் பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவே, பெண்ணையாற்றங்கரைப் பக்கம், மேல்பட்டாம்பாக்கம் என்ற ஊரில் போய் நிற்கலாம். அங்கே வேர் ஊன்றியவர் கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர். 1812இல் பிறந்து 1873இல் காலமானவர். தன்னைக் கப்பலேற்றி அனுப்பிய ஜெர்மன் மிஷனோடு முறித்துக்கொண்டு, வயது ஐம்பதை நெருங்கும்போது, மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்.

முறிவுக்குக் காரணம் ஒரு பந்தி. ஞானஸ்நானம் வாங்கிய பிறகு வேளாளரும் பறையரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா என்ற கேள்வி. அந்தக் கேள்வியை நான் பிறந்த மண் இன்னும் தீர்த்துவைக்கவில்லை. ஓக்ஸைப் பற்றி எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

அந்தக் காலத்து ஜெர்மன் போதகர்களைப் புரிந்துகொள்ள ஜெர்மனியையும் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. 1817இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரடெரிக் வில்லியம், தன் நாட்டு லுத்தரன் சபையையும் கால்வின் வழி வந்த சீர்திருத்த சபையையும் ஒன்றாக்கப் பார்த்தார். இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழிபாட்டு முறை வந்தது. திருவிருந்தில் கொடுக்கும் அப்பமும் திராட்சை ரசமும் என்ன என்பதில் இரண்டு சபைக்கும் தலைமுறை தலைமுறையாகக் கருத்து வேறு. அரசாணை வந்ததற்காக அதை மாற்றிக்கொள்ள லுத்தரன்களில் ஒரு சாரார் மறுத்தார்கள். போதகர்கள் சிறைக்குப் போனார்கள். பலர் வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார்கள். ஆகஸ்ட் காவெல் என்ற போதகர் 1838இல் தன் சபையாரோடு தென் ஆஸ்திரேலியாவில் இறங்கினார். அடிலெய்டு அருகே அவர்கள் உண்டாக்கிய ஊருக்கு, விட்டுவந்த ஊரின் பெயரையே வைத்து கிளெம்சிக் என்றார்கள். அதே ஆண்டின் இறுதியில் சாக்சனி நாட்டிலிருந்து வேறொரு கூட்டம் அமெரிக்காவின் மிசௌரிக்குப் புறப்பட்டது. பிரேசிலின் தெற்கே சாவோ லியோபோல்டோவில் 1824 முதலே ஜெர்மன் குடியேறிகள் காடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனது பிழைப்பைத் தேடி. ஆனால் அங்கேயும் போதகர் வேண்டியிருந்தது.

குடியேற்ற ஊரில் போதகர் என்றால் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தோடு வேலை முடிந்துவிடாது. பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க வேண்டும், கல்யாணம் நடத்த வேண்டும், காய்ச்சலில் செத்தவர்களைப் புதைக்க வேண்டும், நிலத்தகராறில் நடுவே நிற்க வேண்டும்.

இந்தக் காற்றில்தான் 1836இல் டிரெஸ்டன் நகரில் ஒரு லுத்தரன் மிஷன் சங்கம் பிறந்தது. அது முதலில் அனுப்பிய இருவர், டைஷெல்மன், ஷூர்மன் என்பவர்கள், 1838இல் அதே அடிலெய்டுக்குத்தான் போனார்கள். அவர்கள் போனது அங்கிருந்த பூர்வகுடிகளான கௌர்ணா மக்களிடம். இரண்டே ஆண்டில், 1840இல், அந்த மொழிக்கு இலக்கணமும் சொற்பட்டியும் அச்சிட்டார்கள். குடியேறிகளின் பெருக்கத்தில் கௌர்ணா மொழி பேச்சிலிருந்து மறைந்துபோனது. இன்று கௌர்ணா பிள்ளைகள் தங்கள் பாட்டன்மார் மொழியை மீட்டுக் கற்பதற்கு அந்தச் சிறு புத்தகம்தான் கைப்பிடி. இந்த ஒரு செய்திக்காகவே டிரெஸ்டன் சங்கத்தை நினைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றும்.

அந்தச் சங்கத்தின் அடுத்த கண் தமிழ்நாட்டின் மேல் விழுந்தது. கோர்டெஸ் என்பவர் முதலில் தரங்கம்பாடிக்கு வந்தார். 1840களின் தொடக்கத்தில் அவரைத் தொடர்ந்து வந்தவர்களில் ஒருவர் ஓக்ஸ். திருவிருந்தில் சொல்லப்படும் ஒரு வார்த்தைக்காக ஊரையே விட்டுக் கடல் தாண்டும் மனிதர்கள் வாழ்ந்த உலகத்திலிருந்து அவர் வந்தார். பின்னால் அவர் காட்டிய பிடிவாதத்தைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

தரங்கம்பாடிக்கு வந்தபோது அவர் கையில் சேர்ந்தது நூற்று முப்பது ஆண்டுக் கிறிஸ்தவம். 1706 ஜூலை 9ஆம் தேதி சீகன்பால்கும் புளுட்சோவும் அங்கே இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர், அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரடெரிக். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட பெருமை அந்த மிஷனுக்கு உண்டு. பள்ளி, அச்சகம், அகராதி வேலை என்று அது செய்தது கொஞ்சமில்லை. ஆனால் கோயிலுக்குள் சாதியும் கூடவே வந்து உட்கார்ந்தது. ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் பறையர். திருவிருந்துக்கு முதலில் இவர்கள், பிறகு அவர்கள்.

1733இல் ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றார். இந்திய மண்ணில் புராட்டஸ்டண்ட் சபையின் முதல் சுதேசி குரு அவர். வேளாளர். அடுத்து யார் என்ற பேச்சு வந்தபோது ராஜநாயக்கன் பெயர் வந்தது. தஞ்சை அரசரின் படையில் சேவகம் செய்தவர், அந்த நாட்டில் சபையை வளர்த்த உபதேசியார், பறையர். அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் அப்பம் வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741இல் தியோகு என்ற இன்னொருவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருந்தார். எனக்குத் தெரிந்தவரை இந்த வரலாற்றில் மிகவும் வலிக்கும் இடம் இதுதான். அவரைப் பழித்து யாரும் எழுதவில்லை, எல்லோரும் புகழ்ந்தார்கள். பட்டம் மட்டும் கொடுக்கவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காற்று மாறியது. 1833இல் கல்கத்தாவின் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, முழுவதுமாக நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். கவிராயர் வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரியவர்களே எதிர்ப்பக்கம் நின்றார்கள். 1845இல் தரங்கம்பாடியை டென்மார்க் ஆங்கிலேயருக்கு விற்றது. அரசரின் கை விலகிவிட்டதால், ஜெர்மன் லுத்தரன் மிஷன் அங்கே தன் காலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. ஆங்கிலிகன் சபையின் கட்டளை பிடிக்காமல் வெளியேறியவர்கள் பலர் இந்த லுத்தரன் கோயில்களுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களை வா என்பதா, சாதியை வாசலில் விட்டுவிட்டு வா என்பதா?

ஓக்ஸ் அப்போது மாயவரத்தில் இருந்தார். இன்றைய மயிலாடுதுறை.

1848இல் மிஷனின் தலைமையிடம் டிரெஸ்டனிலிருந்து லைப்சிக்குக்கு மாறியது. அதன் இயக்குநர் கார்ல் கிரௌல். தமிழ் படித்தவர்கள் இந்தப் பெயரை அறிவார்கள்; திருக்குறளை ஜெர்மனிலும் லத்தீனிலும் மொழிபெயர்த்தவர். அவர் 1849இல் புறப்பட்டு, இந்தியாவில் தங்கித் தமிழ் கற்று, 1853இல்தான் ஊர் திரும்பினார். தமிழ்மேல் அவருக்கிருந்த பற்று உண்மையானது. தமிழரின் வாழ்க்கை முறையை ஐரோப்பிய அவசரத்தோடு உடைத்துவிடக் கூடாது என்ற கவலையும் உண்மையானது. சாதி என்பது ஜெர்மனியின் பிரபு, குடியானவன் என்பதைப் போன்ற சமூக ஒழுங்கு. அதைச் சட்டம் போட்டு ஒழிக்க முடியாது. சுவிசேஷம் மாவில் கலந்த புளிப்பைப் போல மெல்ல மெல்ல வேலை செய்யட்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

ஓக்ஸ் பல ஆண்டுகள் ஊர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர். அவர் கண்ட சாதி வேறு. பணக்காரன் ஏழையாகலாம், பிரபு சொத்தை இழக்கலாம்; ஆனால் ஒருவன் தொட்ட பாத்திரம் தீட்டு என்ற எண்ணம் பிறப்பிலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது, அது சமயத்திலிருந்து முளைத்தது, ஆகவே ஆண்டவரின் பந்தியில் அதற்கு இடமில்லை என்றார். பிரபுவும் குடியானவனும் ஜெர்மனியில் ஒரே பாத்திரத்தில் ரசம் குடிக்கிறார்கள் என்றால், இங்கே ஏன் முடியாது?

இந்த இருவரில் நான் ஓக்ஸ் பக்கம். ஆனால் கிரௌலைச் சாதி வெறியர் என்று தள்ளிவிடவும் மனம் ஒப்பவில்லை. பிறப்பால் எல்லா உயிரும் ஒன்று என்று பேசும் குறள் அதிகாரத்தையும் மொழிபெயர்த்த கை அது. ஒரு பண்பாட்டை நேசிப்பவர் அந்தப் பண்பாட்டுக்குள் மிதிபடுகிறவனைப் பார்க்கத் தவறுவது எவ்வளவு எளிது என்பதற்கு அவரை ஓர் எடுத்துக்காட்டாகவே வைத்துக்கொள்கிறேன். கிரௌலோடு பேசிய தமிழர்கள் பெரும்பாலும் படித்த வேளாளர்கள். சேரியிலிருந்து யார் போய் அவரிடம் குறளைப் பற்றிப் பேசியிருக்க முடியும்?

1850 இந்தச் சண்டையில் முக்கியமான ஆண்டு. சென்னையில் கூடிய மிஷனரிகளின் மாநாடு, சாதியைப் பிடித்துக்கொண்டிருப்பவரைச் சபையில் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் எழுதியது. லைப்சிக் மிஷன் மட்டும் கையெழுத்திடாமல் ஒதுங்கி நின்றது. அதே ஆண்டு அரசாங்கம் 21ஆம் சட்டத்தைக் கொண்டுவந்தது. மதம் மாறினாலோ சாதியை இழந்தாலோ ஒருவரின் சொத்துரிமை போய்விடாது என்றது அது. ஒன்றாகச் சாப்பிடுவதற்கு ஒரு மனிதன் கொடுக்க வேண்டியிருந்த விலையை இந்தச் சட்டத்திலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். ஒரு வாய்ச் சோறு பாகப்பிரிவினை வரைக்கும் போகும். பெண் கொடுப்பார் இல்லை, எடுப்பார் இல்லை. செத்தால் பாடை தூக்க நாலு பேர் வர மாட்டார்கள். பங்களாவில் உட்கார்ந்து “சாப்பிடு, அப்போதுதான் நீ கிறிஸ்தவன்” என்று சொல்லும் வெள்ளைக்காரருக்கு அந்த விலையில் ஒரு தம்படி செலவில்லை. இதையும் சொல்லித்தான் ஓக்ஸைப் பாராட்ட வேண்டும்.

தமிழ் உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கும் பேச்சு வந்தபோது முடிச்சு இறுகியது. பட்டம் பெறப் போகிறவர் சாதியை விட்டதற்குச் சான்று காட்ட வேண்டுமா என்பது கேள்வி. ராஜநாயக்கனுக்கு நூறு ஆண்டு கழித்து அதே வாசல், அதே பூட்டு. லைப்சிக் தன் நிலையை மாற்றவில்லை. 1850களின் முடிவில் ஓக்ஸ் மிஷனை விட்டு விலகினார். 1860இல் ஜெர்மனியின் ரோஸ்டாக் நகரில் அவர் புத்தகம் அச்சாகி வந்தது. இந்தியாவில் சாதியையும் பழைய லுத்தரன் மிஷனில் அது நடந்துவந்த விதத்தையும் பற்றியது. தன் வீட்டுக் குறையைத் தன் நாட்டு மக்கள் முன்னால் வைத்துவிட்டார். இனி அந்த வீட்டுக்குள் திரும்பிப் போக முடியாது.

தனி ஆளாகத் தமிழ்நாட்டில் மறுபடி தொடங்க அவர் தேர்ந்தெடுத்தது காவிரிக் கரையை விட்டுத் தள்ளி, தென்னாற்காட்டு மாவட்டம். பட்டாம்பாக்கத்தில் ஒரு மிஷன் நிலையத்தை உண்டாக்கினார். பெத்தானியா என்று பெயர் வைத்தார். வேதப்புத்தகம் படித்தவர்களுக்கு அந்த ஊர் தெரியும். மார்த்தாள் சமைத்துப் பரிமாற, சாவிலிருந்து எழுந்துவந்த லாசரு எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்திருந்த ஊர்.

இங்கேதான் டென்மார்க் வருகிறது. 1821இல் ரோன்னெ என்ற போதகர் தொடங்கிய டேனிஷ் மிஷன் சங்கத்துக்கு இந்தியாவில் சொந்தமாக ஒரு களம் வேண்டியிருந்தது. ஓக்ஸுக்கு ஆதரவு வேண்டியிருந்தது. 1860களின் முற்பகுதியில் இரண்டும் சேர்ந்தன. சீகன்பால்குக்குப் பிறகு நூற்றைம்பது ஆண்டு கழித்து, மறுபடியும் ஒரு ஜெர்மானியர் டென்மார்க்காரர்களின் பணத்தில் தமிழ் மண்ணில். அடுத்தடுத்து டென்மார்க்கிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். நிலையங்கள் மேற்கே நகர்ந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை என்று பரவின. ஓக்ஸ் அந்த வளர்ச்சியில் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை. 1873இல் கண்மூடினார்.

மிஷன் வந்தபோது எங்கள் ஊர் மலைக்கோட்டைக்கு ஐரோப்பியர் புதியவர்கள் இல்லை. தியாகதுருகம் மலையைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் முற்றுகையிட்டுப் பிடித்தது 1761இல். 1790இல் திப்புவின் படை இதன்மேல் பாய்ந்தது. அவர்கள் எல்லோரும் மேலே ஏறிப் பீரங்கி வைத்தார்கள். கோட்டைக்குக் கீழே ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமும் இருந்ததைப் பற்றி அந்தத் தளபதிகளில் ஒருவருக்கும் அக்கறை இருக்கவில்லை. அதைக் கேள்வியாக எடுத்துக்கொண்டு வந்த முதல் வெள்ளைக்காரர்கள் பெட்டி வண்டியிலும் கால்நடையாகவும் வந்த இந்த ‘ஐயர்’மார்தான். போதகரை ஐயர் என்று அழைப்பது லுத்தரன் வழக்கம். வெள்ளைக்கார ஐயர், நாட்டு ஐயர் என்று பிரித்துச் சொல்வார்கள்.

குடியேற்றம் என்று தொடங்கிய கதை என்பதால் இன்னொரு கப்பலையும் சொல்லிவிடுகிறேன். ஓக்ஸின் புத்தகம் அச்சான அதே 1860இல், நவம்பர் 16ஆம் தேதி, ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் நின்றது. சென்னையிலிருந்து 342 பேரைக் கரும்புத் தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போன கப்பல் அது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்குப் போன முதல் கூலிக் கப்பல். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் வடஆற்காடும் தென்னாற்காடும் நேட்டாலுக்கு ஆட்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தன. மொரீஷியஸ், மலேயா, பர்மா, பிஜி என்று கூலிக் கப்பல்கள் போகாத திக்கில்லை. கப்பலில் எல்லோருக்கும் ஒரே அடுப்பு. மாயவரத்துக் கோயிலில் ஐயர்மார் இருபது ஆண்டு பேசியும் உண்டாக்க முடியாத சமபந்தியை, ஏஜெண்டின் சோற்றண்டா சில வாரத்தில் உண்டாக்கிவிட்டது. வறுமையும் வேறு வழியில்லாமையும் உண்டாக்கிய பந்தி அது என்பதையும் நினைக்கும்போது மனம் கனக்கிறது. அப்படிப் போனவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். மலேசியாவில் இன்றுள்ள சுவிசேஷ லுத்தரன் சபைக்கு வித்திட்டவர்கள் தமிழ்க் குடியேறிகளே. இப்படிப் போனவர்களுக்குப் பின்னால் தமிழ்ப் போதகர்கள் கப்பலேறிப் போனார்கள்.



பெத்தானியாவுக்குத் திரும்புவோம். ஓக்ஸ் கேட்ட ஒரே பந்தி கிடைத்ததா? கிடைத்தது என்றும் சொல்லலாம். டேனிஷ் மிஷன் கோயில்களில் எல்லோரும் ஒன்றாகப் பாயில் உட்கார்ந்தார்கள், ஒரே பாத்திரத்தில் குடித்தார்கள். ஆனால் தென்னாற்காட்டில் அந்தக் கோயில்களுக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சேரியிலிருந்து வந்தவர்கள். படியாளாக வயலில் நின்றவர்கள், நிலமில்லாதவர்கள். ஊர்த் தெருக்காரர்கள் வரவில்லை. சாதியை விட்டுவிட்டு வா என்று வாசலில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, விட வேண்டியது ஏதும் இல்லாதவர்கள் உள்ளே வந்தார்கள். இருந்தவர்கள் வெளியிலேயே நின்றார்கள். காவிரிப் பக்கம் ஒரே கோயிலில் இரண்டு பந்தி, பெண்ணையாற்றுப் பக்கம் ஒரே பந்தி ஆனால் ஒரே சேரி. கிரௌலும் ஓக்ஸும் தத்தம் வழியில் போய் முட்டிய சுவர் ஒன்றேதான். மிஷனரிகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போக வேண்டும் என்பது என் ஆதங்கம்.

அதற்காக அந்தப் பந்தி வீண் என்று சொல்ல மாட்டேன். ஊர்க் கிணற்றில் நீர் மொள்ள முடியாதவன் பிள்ளை, மிஷன் பள்ளியில் பெஞ்சில் உட்கார்ந்தான். பெண்பிள்ளை வாத்தியாரம்மா ஆனாள், நர்சு ஆனாள். டென்மார்க்கிலிருந்து வந்தவர்களும் வெறுமனே கொடுத்துவிட்டுப் போகவில்லை, வாங்கிக்கொண்டும் போனார்கள். ஹெர்மன் ஜென்சன் என்பவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி, பொருள்வாரியாகப் பிரித்து, 1897இல் நூலாக்கினார். அந்தப் பழமொழிகள் அச்சேறுவதற்கு முன் எத்தனை திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும்! எல்.பி. லார்சன், தமிழ் விவிலியத் திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1936இல் வந்த அந்தப் பதிப்பு அவர் பெயராலேயே அறியப்படுகிறது. எஸ்தர் ஃபேரிங் என்ற இளம்பெண் 1916இல் மிஷன் வேலைக்காக வந்து திருக்கோவிலூரில் இருந்தார். அகமதாபாத் ஆசிரமத்துக்குப் போய்க் காந்தியைப் பார்த்தவர், அவருக்கு மகள் போல ஆனார். காந்தி அவருக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவரோடு காந்தியைச் சந்தித்த ஆன் மேரி பீட்டர்சன், பரங்கிப்பேட்டையில் தேசிய வழியில் ஒரு பெண்கள் பள்ளியை நிறுவினார். 1921இல் அதற்கு அடிக்கல் நாட்டியவர் காந்தி. வெள்ளைக்கார அரசு இவர்களைச் சந்தேகத்தோடு பார்த்தது. சொந்த வீட்டோடு முறித்துக்கொண்டாவது மனதுக்குப் பட்டதைச் செய்யும் குணம், ஓக்ஸிடமிருந்து அந்த மிஷனில் வழிவழியாக வந்ததோ என்று எனக்கு ஒரு எண்ணம்.

கோயிலுக்குள் சாதி என்றால் கத்தோலிக்கச் சபையின் கதையும் சளைத்ததில்லை. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கு ஒரு கையாக இரண்டு கைகள் விரிந்தாற்போல் ஒரு கோயிலையே கட்டினார்கள். நடுவே இருந்த தடுப்பை 1910இல் இடித்தபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். தியாகதுருகத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையை ஒட்டிய பகுதியில்தான் எறையூர். பெரிய, பழைய மாதா கோயில் உள்ள ஊர். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள் தனி இடம், தனிக் கல்லறை, ஊர்வலப் பாதையில் பாகுபாடு என்று நீண்ட காலமாக முறையிட்டுவந்தார்கள். தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்றும் கேட்டார்கள். 2008 மார்ச் 9ஆம் தேதி அங்கே வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடித்தது. வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இருவர் செத்தார்கள். இரண்டு பக்கமும் கும்பிட்டது ஒரே மாதாவை. அன்றைக்கு எறையூர் விழுப்புரம் மாவட்டம்; 2019க்குப் பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். மாவட்டத்தின் பெயர் மாறியிருக்கிறது.

அரசாங்கத்தின் கணக்கு இன்னொரு விதம். 1950இல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைப்படி, மதம் மாறிக் கிறிஸ்தவரான தலித் பட்டியல் சாதியில் சேர மாட்டார். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. கோயிலுக்குள் சாதி உண்டு என்று தனிக் கல்லறை சொல்கிறது. நீ பட்டியல் சாதி இல்லை என்று சான்றிதழ் சொல்கிறது. ஓக்ஸின் சபைகளில் பிறந்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவே நின்றுதான் காலேஜ் விண்ணப்பம் நிரப்புகிறார்கள்.

கடைசியாக என் ஆயாவைப் பற்றி. எங்கள் வீட்டில் வயல் வேலைக்கு வரும் பெரியவர் ஒருவர், தண்ணீர் கேட்டால் வாசலுக்கு வெளியே குனிந்து இரண்டு கையையும் குவிப்பார். ஆயா செம்பைத் தோளுயரத்துக்குத் தூக்கி ஊற்றும். செம்பு அவர் கையில் படக் கூடாது. நான் அதைத் தினமும் பார்த்தேன். அதில் ஏதோ தவறு இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஆயாவுக்குக் காய்ச்சல் கண்டு நினைவு தப்பியது. கோயிலூருக்குக் கொண்டுபோனோம். நான்கு நாள். வெள்ளைச் சேலை கட்டிய நர்சம்மா ஒருவர் ஆயாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினார். சிந்தியதைத் தன் முந்தானையாலேயே துடைத்தார். ஆயா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, குஞ்சு வாயைத் திறப்பதைப் போல வாயைத் திறந்து வாங்கிக் குடித்தது. கிளம்பும்போது அந்த அம்மாவின் கையைப் பிடித்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டது.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அந்தப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். “ஒடம்பு தேவலையா ஆயா?” என்றார். “ஏதோ, பொழச்சி வந்தேன்டாப்பா” என்றது ஆயா. அவர் தண்ணீர் கேட்டார். ஆயா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செம்பை எடுத்துவந்து, முடிந்தவரை உயரத் தூக்கியது. காய்ச்சலில் கை நடுங்கியது. பாதித் தண்ணீர் அவர் மார்பில் கொட்டியது. அவர் கைகளை இன்னும் இறுக்கிக் குவித்துக்கொண்டார்.